வாரிங்டன் பையனும் எதிரே உட்கார்ந்தவர்களும்

நெட்ஃபிளிக்ஸின் ‘அடோலசென்ஸ்’ தொடரில் ஜேமி மில்லர் என்ற சிறுவனாக நடித்த ஓவன் கூப்பரைப் பற்றிப் பேச்சு எழுந்தாலே ‘பிறவி நடிகன்’ என்று சொல்லி முடித்துவிடுகிறார்கள். பாராட்டுதான், ஆனால் சோம்பேறித்தனமான பாராட்டு. பிறவியிலேயே வந்துவிட்டது என்று சொல்லிவிட்டால் அதற்கு மேல் எதையும் பார்க்க வேண்டியதில்லை அல்லவா? ‘அடோலசென்ஸ்’ தொடரின் மூன்றாம் பாகத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்தவன் நான். பார்க்கப் பார்க்க என் கண் அந்தப் பையன் மீது மட்டும் நிற்கவில்லை. அவனுக்கு எதிரே உட்கார்ந்திருப்பது யார், அந்த நாற்காலியை அங்கே கொண்டுவந்து போட்டவர்கள் யார் என்று தேட ஆரம்பித்துவிட்டேன்.

பையனிடமிருந்தே தொடங்கலாம். 2009 டிசம்பர் 5 அன்று பிறந்தவர். ஊர் வாரிங்டன். இங்கிலாந்தின் வடமேற்கில், லிவர்பூலுக்கும் மான்செஸ்டருக்கும் ஏறக்குறைய நட்டநடுவில் இருக்கும் ஊர். அம்மா பராமரிப்புப் பணியாளர், அப்பா கணினித் துறையில் வேலை பார்ப்பவர். வாரிசு நடிகர் அல்ல. அந்தப் பக்கத்துப் பையன்கள் எல்லோரையும் போல இவருக்கும் கால்பந்து வீரராக வேண்டும் என்றுதான் ஆசை. லிவர்பூல் அணியின் ரசிகர். பிறகு ஒரு நாள் ‘தி இம்பாசிபிள்’ படத்தைப் பார்த்திருக்கிறார். 2004 சுனாமியில் தாய்லாந்துக் கடற்கரையில் சிக்கிக்கொண்ட குடும்பத்தின் கதை. அதில் மூத்த மகனாக நடித்த டாம் ஹாலண்டைப் பார்த்துத்தான் நடிப்பின் மீது ஆசை வந்தது என்று பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். ஸ்பைடர்மேன் ஆவதற்கு முன்பு, இன்னும் சிறுவனாக இருந்த டாம் ஹாலண்ட். ஒரு சிறுவனின் நடிப்பைப் பார்த்து இன்னொரு சிறுவன் கிளம்பி வருவது எனக்குப் பிடித்த விஷயம்.

மான்செஸ்டரில் ‘டிராமா மாப்’ என்ற நடிப்புப் பயிற்சி வகுப்பில் சேர்ந்தார். சேர்ந்த புதிதில் அந்த வகுப்பில் இருந்த ஒரே பையன் இவர்தான். கூச்சமாக இருந்தது, எப்படியோ தாக்குப்பிடித்தேன் என்று பின்னாளில் கோல்டன் குளோப் மேடையில் சொன்னார். பந்தை உதைக்கத் தெரிந்தால்தான் மரியாதை என்று நினைக்கும் வயதில், பெண் பிள்ளைகள் நிறைந்த அறையில் போய் வசனம் பேசிக் காட்டுவதற்குக் கொஞ்சம் நெஞ்சுரம் வேண்டும். அவருடைய நடிப்பு வாழ்க்கையில் முதல் துணிச்சல் அதுதான் என்பேன். கேமரா எல்லாம் பிறகுதான்.

ஜேமி மில்லர் வேடத்துக்கு நடிகர் தேர்வாளர் ஷஹீன் பெய்க்கின் குழு பார்த்த பையன்களின் எண்ணிக்கை 500-ஐ ஒட்டியது. பெயர் பெற்ற குழந்தை நட்சத்திரம் யாரும் வேண்டாம், வடக்கு இங்கிலாந்துப் பேச்சு இயல்பாக வாயில் வர வேண்டும் என்று தேடியிருக்கிறார்கள். வகுப்பிலிருந்து போன வீடியோ பதிவுகளில் ஒன்று கூப்பருடையது. அதுவரை எந்தப் படத்திலும், எந்தத் தொடரிலும் அவர் தலைகாட்டியதில்லை.

கதை தெரியாதவர்களுக்கு இரண்டே வரியில். 13 வயதுப் பையன் ஒருவன், கூடப் படித்த பெண்ணைக் கத்தியால் குத்திக் கொன்றதாக விடியற்காலையில் கைதாகிறான். அவன்தான் செய்தான் என்பது முதல் பாகத்தின் முடிவிலேயே தெரிந்துவிடுகிறது. மீதிக் கதை ‘ஏன்’ என்ற கேள்வியைச் சுற்றியே போகிறது. நான்கு பாகங்கள். ஒவ்வொன்றும் வெட்டே இல்லாத ஒற்றை ஷாட். இதில் பலர் கவனிக்கத் தவறுவது, கூப்பரின் முகம் கதையோடு வருவது இரண்டு பாகங்களில் மட்டும்தான் என்பதை. இரண்டாம் பாகத்தில் ஆளே இல்லை. நான்காவதில் தொலைபேசியில் குரல் மட்டும். ஆனாலும் நான்கு பாகங்களையும் அவனே தூக்கிச் சுமப்பதுபோல் ஒரு பிரமை நமக்கு. அந்தப் பிரமையை உண்டாக்குவது மூன்றாம் பாகம்.

அறை பெரிதல்ல. ஒரு மேசை, சில நாற்காலிகள். கைதாகி ஏழு மாதமாகிவிட்ட ஜேமி ஒரு பக்கம். நீதிமன்றத்துக்கு அறிக்கை தருவதற்காக அவனைச் சந்தித்துவரும் உளவியலாளர் பிரையனி மறுபக்கம். அந்த வேடத்தில் எரின் டோஹெர்ட்டி. வரும்போதே அவர் மார்ஷ்மெல்லோ போட்ட ஹாட் சாக்லேட் கொண்டுவருகிறார். தன் சாண்ட்விச்சில் பாதியைக் கொடுக்கிறார். உள்ளே ஊறுகாய் இருப்பது பையனுக்குப் பிடிக்கவில்லை. வீட்டுக்கு வந்த சித்தியிடம் வம்பளப்பதுபோலத்தான் பேச்சு தொடங்குகிறது. பையன் கெட்டிக்காரன், வாய்த்துடுக்கு, சிரிக்க வைக்கிறான். பிறகு அவர் அவனுடைய அப்பாவைப் பற்றிக் கேட்கிறார், தாத்தாவைப் பற்றிக் கேட்கிறார், ஆண் என்றால் அவனுக்கு என்ன அர்த்தம் என்று கேட்கிறார். இங்கேதான் கூப்பரைக் கூர்ந்து பார்க்க வேண்டும். கோபம் அவனுக்குப் படிப்படியாக ஏறவில்லை. கேள்வி தன்னை எங்கே கொண்டுபோகிறது என்பது புரிந்த நொடியில் முகத்திலிருந்து குழந்தைத்தனம் காணாமல் போய்விடுகிறது. எழுந்து நின்று கத்துகிறான். ஹாட் சாக்லேட் கோப்பை தரையில் போய் விழுகிறது. அடுத்த சில நொடிகளில், தான் செய்ததைத் தானே ரசிப்பதுபோல் ஒரு பார்வை. 13 வயதுப் பையனைப் பார்த்தா பயந்துவிட்டீர்கள் என்று அவரைக் கேலி செய்கிறான். கேலிதான், ஆனால் அவர் உண்மையிலேயே பயந்துபோயிருக்கிறார், நாமும்தான்.

இடையில் ஒரு கொட்டாவி வருகிறது. ஜேமி வாயைத் திறந்து சாவகாசமாகக் கொட்டாவி விடுகிறான். எழுத்தில் அது இல்லை. கூப்பருக்கு நிஜமாகவே வந்த கொட்டாவி. சாதாரணப் படப்பிடிப்பாக இருந்தால் ‘கட்’ சொல்லியிருப்பார்கள். இங்கே கட் சொல்ல வழியில்லை. எரின் டோஹெர்ட்டி சற்றும் அசராமல், நான் பேசுவது உனக்குச் சலிப்பாக இருக்கிறதா என்று பிரையனியாகவே கேட்டுவிடுகிறார். பையன் முகத்தில் ஒரு சிரிப்பு விரிகிறது. அந்தச் சிரிப்பு பாதி ஓவனுடையது, மாட்டிக்கொண்டோமே என்ற சிரிப்பு. மீதி ஜேமியுடையது. எங்கே ஒன்று முடிந்து இன்னொன்று தொடங்குகிறது என்று என்னால் கோடு கிழிக்க முடியவில்லை. பல ஆண்டு மேடை அனுபவம் உள்ள ஒருவர் எதிரே இருந்ததால்தான் அந்தக் கொட்டாவி தவறாக முடியாமல் காட்சியாக மாறியது. பந்தை அவர் எடுத்துப் போட்டார், பையன் திருப்பி அடித்தார். வெறும் ‘பிறவி’ இதைச் செய்யாது.

இத்தனைக்கும் படப்பிடிப்பு தொடங்கியதே இந்தப் பாகத்தில்தான். தன் வாழ்நாளில் முதல்முறையாகக் கேமரா முன் வந்து நின்ற 14 வயதுப் பையனிடம், ஏறத்தாழ ஒரு மணி நேரம் நிற்காமல் ஓடும் இருவர் நாடகத்தைத்தான் முதல் வேலையாகக் கொடுத்திருக்கிறார்கள். கொடுமையாகத் தெரியலாம். யோசித்துப் பார்த்தால் இது கருணையும்கூட. ஒவ்வொரு பாகத்துக்கும் மூன்று வாரம் ஒதுக்கியிருந்தார்கள். முதல் வாரம் நடிகர்களோடு ஒத்திகை. இரண்டாவது வாரம் கேமரா எங்கே போகும், யார் யாரிடம் அதைக் கைமாற்றுவார்கள் என்று தொழில்நுட்பக் குழுவோடு ஒத்திகை. மூன்றாவது வாரம்தான் படப்பிடிப்பு. காலையில் ஒரு டேக், பிற்பகலில் ஒரு டேக். நாம் பார்ப்பது மூன்றாம் பாகத்தின் 11-ஆவது டேக். முதல் பாகத்தில் இரண்டாவது டேக்கே தேறிவிட்டது, நான்காவதுக்கு 16 ஆனது. ஆக, கேமரா ஓடத் தொடங்குவதற்கு முன்பே அந்தப் பையனுக்கு இரண்டு வாரப் பள்ளிக்கூடம் கிடைத்துவிட்டது.

சினிமாவில் சிறுவர் நடிப்பு என்பது பெரும்பாலும் எடிட்டிங் அறையில் பிறப்பது. துண்டு துண்டாக எடுத்து, ஜன்னல் பக்கம் பார்க்கச் சொல்லி, நாய்க்குட்டியைக் காட்டிச் சிரிக்க வைத்து, பிறகு ஒட்டவைத்து நமக்குக் காட்டுவார்கள். நாமும் குழந்தை என்னமாய் நடிக்கிறது என்று உருகுவோம். நான் அதைக் குறையாகச் சொல்லவில்லை, அதுவும் ஒரு கலைதான். ஆனால் இயக்குநர் பிலிப் பாரன்டினியின் முறையில் அந்த வசதி கிடையாது. நடிகராக இருந்து, சமையலறையில் செஃப்பாக வேலை பார்த்து, பிறகு இயக்குநரானவர் அவர். உணவகச் சமையலறை ஒன்றின் ஓர் இரவை ‘பாய்லிங் பாயிண்ட்’ என்று ஒற்றை ஷாட்டில் எடுத்தவர். அவர் கையில் வெட்டி ஒட்டக் கத்தரிக்கோலே இல்லை. எனவே நாம் பார்க்கும் ஜேமியின் ஏற்ற இறக்கம் அத்தனையும் அந்தப் பையன் தானே அடுத்தடுத்து நடந்து கடந்த வழி.

இங்கே சட்டத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். அலுப்பூட்டும் விஷயம் என்று நினைப்பவர்கள் ஒரு பத்தி தாண்டிப் போகலாம். இங்கிலாந்தில் பள்ளி வயதுப் பிள்ளை தொழில்முறையாக நடிக்க வேண்டுமானால் பொதுவாக உள்ளூர் மன்றத்திடமிருந்து உரிமம் வாங்க வேண்டும். அங்கீகரிக்கப்பட்ட பாதுகாவலர் ஒருவர் கூடவே இருக்க வேண்டும். ஒன்பது வயதுக்கு மேற்பட்ட பிள்ளை படப்பிடிப்புத் தளத்தில் ஒரு நாளில் அதிகபட்சம் ஒன்பதரை மணி நேரம் இருக்கலாம். நடிப்பது ஐந்து மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. பள்ளி நாட்களைத் தவறவிட்டால் தளத்திலேயே பாடம் நடத்த வேண்டும். ஒரு நாளுக்கு இரண்டு டேக் என்ற ஏற்பாடு இந்தக் கணக்குக்குள் எவ்வளவு கச்சிதமாகப் பொருந்துகிறது பாருங்கள். இதற்கு மேல், தளத்தில் உளவியல் நிபுணர் ஒருவரையும் வைத்திருந்தார்கள். கொலை செய்த பையனாக நாள் முழுக்க இருந்துவிட்டு வீட்டுக்குப் போகும் பிள்ளை, அதைக் கூடவே எடுத்துக்கொண்டு போய்விடக் கூடாது என்ற அக்கறை.

இந்த அக்கறை எப்போதும் இருந்ததில்லை. 1969-இல் கென் லோச் எடுத்த ‘கெஸ்’ படத்தை நினைத்துக்கொள்கிறேன். சுரங்கத் தொழிலாளர்களின் ஊரான பார்ன்ஸ்லியில், வல்லூறு ஒன்றைப் பழக்கி வளர்க்கும் ஏழைப் பையனின் கதை. அந்த ஊர்ப் பையனான டேவிட் பிராட்லி நடித்தார். பிரிட்டிஷ் சினிமாவில் சிறுவர் நடிப்பு என்றால் இன்றும் முதலில் சொல்லப்படும் பெயர். இறுதியில் பறவை செத்துக் கிடக்கும் காட்சி. காட்டப்பட்டது வேறு எங்கோ இறந்துபோன பறவை. ஆனால் தான் கையில் வைத்துப் பழக்கிய பறவைகளில் ஒன்றைத்தான் கொன்றுவிட்டார்கள் என்று படப்பிடிப்பின்போது பிராட்லி நம்பியிருந்தார். அந்த அழுகை அப்படி வந்தது. படம் மகத்தான படம், அதில் எனக்கு மறுப்பே இல்லை. ஆனாலும் பையனை நடிக்கச் சொல்லாமல் நிஜமாகவே நோகவைத்துப் படம்பிடிப்பதை மேதைமை என்று கொண்டாடியவர்களோடு என்னால் சேர முடியவில்லை. கூப்பருக்கு யாரும் எதையும் பறித்துக்காட்டவில்லை. இது நடிப்பு என்று சொல்லி, கற்றுக்கொடுத்து, பிறகுதான் கேட்டார்கள். கிடைத்தது எந்த வகையிலும் குறைந்ததாகத் தெரியவில்லை.

பிராட்லிக்குப் பிறகு என்ன ஆயிற்று? ‘நம்பிக்கையூட்டும் புதுமுகம்’ என்று பிரிட்டனின் திரை விருதான பாஃப்டா, நாடகங்கள், சில படங்கள், பிறகு மெல்ல மெல்ல வெளிச்சம் நகர்ந்துவிட்டது. நடிகர் சங்கத்தில் இன்னொரு டேவிட் பிராட்லி இருந்ததால் பெயரைக்கூட டாய் பிராட்லி என்று மாற்றிக்கொள்ள வேண்டியிருந்தது. ஹாரி பாட்டர் படங்களில் பூனையோடு அலையும் காவலாளியாக வருகிறாரே, அவர்தான் அந்த இன்னொருவர்.

இனி, நாற்காலியைக் கொண்டுவந்து போட்டவர். ஸ்டீபன் கிரஹாம். தொடரில் ஜேமியின் அப்பாவாக, எடி என்ற குழாய் பழுதுபார்ப்பவராக நடித்தவர். ஜாக் தோர்னோடு சேர்ந்து அதை எழுதியவரும் அவரே. லிவர்பூலை ஒட்டிய கர்க்பி ஊர்க்காரர். பையன்கள் பெண் பிள்ளைகளைக் கத்தியால் குத்திக் கொன்ற செய்திகள் அடுத்தடுத்து வந்தபோது தோன்றிய எண்ணம் என்று சொல்லியிருக்கிறார். குடிகார அப்பா, அடிக்கும் அம்மா என்று எளிதாகப் பழிபோட இடம் கொடுக்கக் கூடாது என்பதில் பிடிவாதமாக இருந்திருக்கிறார். இதெல்லாம் எல்லோரும் எழுதிவிட்டார்கள். எனக்குச் சுவாரசியமானது 20 ஆண்டுக்கு முந்தைய இன்னொரு பையன்.

2006-இல் வெளிவந்தது ஷேன் மெடோஸின் ‘திஸ் இஸ் இங்லண்ட்’. 1983-இல் நடக்கும் கதை. அர்ஜென்டினாவோடு பிரிட்டன் நடத்திய ஃபாக்லண்ட் போரில் அப்பாவை இழந்த ஷான் என்ற சிறுவன், மொட்டைத்தலைக் கும்பல் ஒன்றோடு சேர்கிறான். சிறையிலிருந்து வந்து அந்தக் கும்பலை இனவெறிப் பக்கம் இழுக்கும் காம்போவாக ஸ்டீபன் கிரஹாம். ஷானாக நடித்தவர் தாமஸ் டர்கூஸ். கிரிம்ஸ்பி என்ற மீன்பிடித் துறைமுக ஊர்ப் பையன், அப்போது 13 வயது. நடிப்பு வகுப்பு வாசனையே இல்லை; பள்ளி நாடகத்திலிருந்துகூடச் சேட்டை தாங்காமல் நீக்கப்பட்டவர். நடிகர் தேர்வுக்கு வரச் சொன்னபோது, ஐந்து பவுண்டு கொடுத்தால் வருகிறேன் என்று கேட்டவர். கொடுத்திருக்கிறார்கள்! படம் வெளியாவதற்கு முன்பே அவருடைய அம்மா புற்றுநோயில் இறந்துபோனார். படம் அந்த அம்மாவுக்குத்தான் சமர்ப்பணம்.

அந்தப் படத்தில் காம்போ ஷானை முதல்முறை தன் பக்கம் இழுக்கும் காட்சியைப் பாருங்கள். போரைப் பற்றி காம்போ உரக்கப் பேச, அப்பாவை இழந்த பையன் குறுக்கே பாய்கிறான். பையன் கோபத்தில் கத்தும்போது கிரஹாம் குரலை உயர்த்தி அவனை அமுக்கியிருக்கலாம். கிரஹாமுக்கு அதற்கு ஐந்து நொடி போதும். அவர் செய்வதில்லை. பேச்சை நிறுத்திவிட்டுப் பையன் சொல்வதைக் காதுகொடுத்துக் கேட்கிறார். காட்சியின் கனம் முழுக்கப் பையன் பக்கம் சாய்ந்துவிடுகிறது. அனுபவமுள்ள நடிகர் ஒருவர் அனுபவமே இல்லாத பையனுக்குச் செய்யக்கூடிய பெரிய உதவி அதுதான். ‘அடோலசென்ஸ்’ முதல் பாகத்தில் காவல் நிலையத்தில் மகனோடு இருக்கும் எடியும் அதையே செய்கிறார். கொலை பதிவான சிசிடிவி காட்சியை மகன் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்த பிறகு அவர் அவனைத் தொட மறுப்பதும், பிறகு கட்டிக்கொள்வதும், நம் கண்ணைத் திரும்பத் திரும்பப் பையனிடமே கொண்டுபோய் விடுகின்றன. டர்கூஸோடு கற்ற வித்தை கூப்பரோடு பயன்பட்டது என்று நான் சொன்னால் அது என் ஊகம்தான். ஆனால் இரண்டு காட்சிகளையும் அடுத்தடுத்துப் பார்த்தவர்கள் என்னோடு சண்டைக்கு வர மாட்டார்கள்.

டர்கூஸ் அதன் பிறகும் நடித்துக்கொண்டிருக்கிறார் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ‘சோமர்ஸ் டவுன்’ படத்துக்காக 2008-இல் நியூயார்க்கின் டிரைபெக்கா திரைப்பட விழாவில் சிறந்த நடிகர் விருதைச் சக நடிகரோடு பகிர்ந்துகொண்டார். ஷான் கதை தொலைக்காட்சியில் 2015 வரை தொடர்ந்தது. பெரிய நட்சத்திரம் ஆகவில்லை. ஆகியிருக்க வேண்டுமா என்ன?

எளிய வீட்டுப் பிள்ளை நடிக்க வருவது பிரிட்டனில் ஏன் இவ்வளவு பேசப்படுகிறது என்பதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. அந்த நாட்டில் கட்டணப் பள்ளிகளில் படிப்பவர்கள் 7 சதவீதம் அளவுதான். ஆனால் கல்வி வாய்ப்பில் உள்ள ஏற்றத்தாழ்வை ஆராயும் சட்டன் டிரஸ்ட் என்ற அமைப்பு 2016-இல் வெளியிட்ட ஆய்வின்படி, பாஃப்டா வென்ற பிரிட்டிஷ் நடிகர்களில் 42 சதவீதம் பேர் அத்தகைய பள்ளிகளில் படித்தவர்கள். நடிகர்கள் எடி ரெட்மெய்னும் டாம் ஹிடில்ஸ்டனும் ஈட்டன் என்ற கட்டணப் பள்ளி மாணவர்கள். பெனடிக்ட் கம்பர்பேட்ச் படித்தது ஹாரோ என்ற இன்னொரு கட்டணப் பள்ளியில். நல்ல நடிகர்கள்தான், அவர்கள் மீது எனக்குக் கோபமில்லை. ஈட்டனில் பள்ளிக்குள்ளேயே நாடக அரங்கம் இருக்கிறது. வாரிங்டன் பையனுக்கு ஊர் தாண்டிப் போய்ச் சேரும் ஒரு வகுப்பு இருக்கிறது. அதுவும் யாரோ சிலர் நடத்தினால்தான் உண்டு. வீடியோ பதிவை அனுப்ப ஒரு முகவரி தெரிய வேண்டும். லண்டன் உச்சரிப்பு கேட்காத ஒரு கதை எழுதப்பட வேண்டும். இத்தனையும் ஒரே நேரத்தில் கூடிவந்ததால் ஒரு கூப்பர் நம் கண்ணில் பட்டார். அந்த 500 பையன்களில் மற்றவர்களுக்குத் திறமை இல்லை என்று யார் சொன்னது?

2025 மார்ச் 13 அன்று நெட்ஃபிளிக்ஸில் தொடர் வெளியானது. முதல் மூன்று மாதங்களில் 14 கோடிக்கும் மேற்பட்ட பார்வைகள். பிரதமர் கெய்ர் ஸ்டார்மர் தன் பிள்ளைகளோடு பார்த்ததாகச் சொன்னார். பள்ளிகளில் இலவசமாகத் திரையிடும் ஏற்பாட்டை ஆதரித்தார். எனக்கு இதில் ஒரு சின்ன நெருடல். ஆய்வுக்கூட மாதிரியைப் பார்ப்பதுபோல் ஜேமியைப் பார்க்கத் தொடங்கினார்கள். இன்றைய பையன்களின் மூளையில் என்ன நடக்கிறது என்று தொலைக்காட்சி விவாதங்களில் அந்த முகத்தை ஓடவிட்டார்கள். அது வசனம் மனப்பாடம் செய்து, ஒத்திகை பார்த்து, பதினோராவது முறை நடித்த ஒருவரின் முகம் என்பது எல்லோருக்கும் மறந்துபோனது. அவ்வளவு நன்றாக நடித்ததற்குக் கிடைத்த தண்டனை என்று வைத்துக்கொள்ளலாம்.

செப்டம்பர் 14 அன்று அமெரிக்கத் தொலைக்காட்சி விருதான எம்மி. அன்றிரவு தொடருக்கு ஆறு விருதுகள். கிரஹாமுக்கும் டோஹெர்ட்டிக்கும் பாரன்டினிக்கும்கூட. 15 வயதில் துணை நடிகருக்கான விருதை வாங்கிய கூப்பர், நடிப்புப் பிரிவில் எம்மி வென்ற ஆண்களில் மிக இளையவர். பெண்களையும் சேர்த்தால் 1984-இல் 14 வயதில் வென்ற ரொக்சானா ஸால்தான் இன்றும் முதலிடம். நம் ஊர்ச் செய்திகள் பல இதைக் கோட்டைவிட்டன. மேடையில் அவர் பேசியது சுருக்கம். மூன்று ஆண்டுக்கு முன் நான் ஒன்றுமே இல்லை, சங்கடப்படுவோமோ என்று யோசிக்காமல் முயன்று பாருங்கள் என்ற அளவில். 2026 ஜனவரியில் கோல்டன் குளோப் வாங்கியபோது தன்னை இன்னும் தொழில் பழகுபவன் என்றே சொல்லிக்கொண்டார். யாரோ எழுதிக்கொடுத்த பணிவாக எனக்குத் தோன்றவில்லை.

அடுத்த அடி, எமரால்டு ஃபெனல் இயக்கிய ‘வுதரிங் ஹைட்ஸ்’ படம். இளம் ஹீத்கிளிஃபாக இவர், வளர்ந்த ஹீத்கிளிஃபாக ஜேக்கப் எலார்டி. நடுவில் பிபிசியின் ‘ஃபிலிம் கிளப்’ தொடரில் ஒரு சிறு வேடம். புத்திசாலித்தனமான தேர்வுகள் என்றே நினைக்கிறேன். எல்லாவற்றையும் தலையில் தூக்கிவைத்துக்கொள்ளாமல், பெரியவர்கள் சுமக்கும் படத்தில் ஒரு பங்கை மட்டும் வாங்கிக்கொள்வது 16 வயதுக்கு ஏற்ற வேலை. இன்னொரு ஜேமியாக நடிக்கச் சொல்லி எத்தனை கதைகள் வந்து குவிந்திருக்கும் என்று நினைத்தாலே மூச்சு முட்டுகிறது.

அந்தச் சட்டக் கணக்கில் கடைசியாக ஒரு தேதி மிச்சம் இருக்கிறது. இங்கிலாந்தில் சிறுவர் நடிகருக்கான உரிமம், கட்டாயப் பள்ளி வயது முடியும்வரைதான். 16 வயது நிறையும் கல்வியாண்டில் ஜூன் மாதத்தின் கடைசி வெள்ளிக்கிழமையோடு அந்த வயது முடிந்துவிடும். கூப்பருக்கு அது 2026 ஜூன் 26. அன்றுவரை பாதுகாவலர், ஐந்து மணி நேரம், தளத்துப் பாடம் எல்லாம் உண்டு. மறுநாள் முதல் எத்தனை மணி நேரம் நடிப்பது, எந்தக் கதைக்கு முடியாது என்று சொல்வது என்பதெல்லாம் அவரும் அவர் வீட்டாரும் முகவரும் உட்கார்ந்து பேசிக்கொள்ள வேண்டியவை.